விண்டோஸைச் சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட்: பில்ட் எண்ணும் தேதியும் இல்லாமல் வெளியிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விண்டோஸ் 11-உடன் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் செயலிகளை ஒரே கட்டளையில் நீக்கித் தரும் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) பற்றித் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. அதே வகை ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிப் பராமரிப்பவர்கள் என்பதால் இதை எழுதுகிறோம். குறிப்பின் நோக்கத்தோடு எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய கணினியில் எது இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்கே உண்டு. ஆனால் மூன்று விவரங்கள் விடுபட்டுவிட்டன. அந்த ஸ்கிரிப்ட் எந்த விண்டோஸ் பில்ட்டுக்கு (விண்டோஸ் வெளியீட்டின் எண்) எழுதப்பட்டது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, நீக்கியது பிறகு தேவைப்பட்டால் எப்படித் திரும்பக் கொண்டுவருவது? இந்த மூன்றும் இல்லாத ஸ்கிரிப்ட், காலாவதித் தேதி கிழிந்துபோன மாத்திரைப் பட்டை போன்றது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதே இயந்திரத்தில் 11-க்கு மாறியவர்களில் பலர், 10-க்கு வைத்திருந்த பழைய ஸ்கிரிப்ட்டையே பென்டிரைவிலிருந்து எடுத்து ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டும்போது என்ன நடக்கிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

செயலிக்குத் திரையில் தெரியும் பெயர் ஒன்று, உள்ளே அதன் நிறுவல் தொகுப்பான பேக்கேஜின் பெயர் வேறொன்று. ஸ்கிரிப்ட் பார்ப்பது பேக்கேஜ் பெயரை மட்டும்தான். விண்டோஸ் 10-இல் ‘மைக்ரோசாஃப்ட்.ஸூன்மியூசிக்’ என்றால் க்ரூவ் மியூசிக். அதை யாரும் தொடுவதில்லை என்று எல்லாப் பழைய பட்டியல்களிலும் நீக்கச் சொல்லியிருக்கும். விண்டோஸ் 11-இல் அதே பேக்கேஜ் பெயரில்தான் புதிய மீடியா பிளேயர் வருகிறது. ‘மைக்ரோசாஃப்ட்.ஸ்கிரீன்ஸ்கெட்ச்’ கதை இன்னும் மோசம். விண்டோஸ் 10-இல் பழைய ஸ்னிப்பிங் டூல் தனியாக இருந்ததால், ஸ்னிப் அண்டு ஸ்கெட்ச் எதற்கு இரட்டையாக என்று அந்தப் பேக்கேஜை நீக்கினார்கள். 11-இல் பழைய ஸ்னிப்பிங் டூல் கிடையாது. அந்தப் பெயரில் இருப்பதே இந்தப் பேக்கேஜ்தான். பழைய பட்டியலை ஓட்டியவர் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையைப் பிடிக்க ஒன்றும் வராது. ஸ்கிரிப்ட்டில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. அடியில் இருந்த தளம் நகர்ந்துவிட்டது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். டீம்ஸ் செயலியின் பேக்கேஜ் முன்பு ‘மைக்ரோசாஃப்ட்டீம்ஸ்’, இப்போது ‘எம்எஸ்டீம்ஸ்’. மெயில், காலண்டர் செயலிகளின் இடத்தில் ‘அவுட்லுக்ஃபார்விண்டோஸ்’ வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான கோபைலட் முதலில் பணிப்பட்டையில் ஒரு பொத்தான். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) ‘டர்ன்ஆஃப்விண்டோஸ்கோபைலட்’ என்ற மதிப்பை 1 ஆக்கினால் போய்விடும். பின்னர் அதுவே தனிச் செயலியாக மாறியது. அந்த மதிப்பு தனிச் செயலியைக் கட்டுப்படுத்தாது, பேக்கேஜையே நீக்க வேண்டும். பழைய ஸ்கிரிப்ட் இவை எதையும் தொடாமல் ‘முடிந்தது’ என்று பச்சை நிறத்தில் எழுதிவிட்டுப் போகும்.

பெரிய அப்டேட் வந்தால் நீக்கியதெல்லாம் திரும்ப வந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். இது பாதிதான் சரி. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து, முறையாக நீக்கப்பட்ட செயலிகளின் பெயர்களை ‘டிப்ரொவிஷன்ட்’ என்ற ரெஜிஸ்ட்ரி சாவியின் கீழ் விண்டோஸே குறித்து வைக்கிறது. அதில் இருக்கும் பெயரை அடுத்த பதிப்பு திரும்பப் போடாது. ஆனால் புதுப் பெயரில் வருவது அந்தக் குறிப்பில் இருக்காது. திரும்ப வந்ததாக மக்கள் நினைப்பதில் பெரும்பகுதி, பெயர் மாறி வந்த அதே செயலிதான். ‘முறையாக’ என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வகைச் செயலி ஒன்று கணினியில் இரண்டு அடுக்கில் இருக்கும்: இப்போதிருக்கும் பயனருக்கு நிறுவப்பட்டது ஒன்று, இனி உருவாகும் பயனர்களுக்காகத் தயாராக வைத்திருக்கும் பிரதி மற்றொன்று. ‘ரிமூவ்-ஆப்எக்ஸ்பேக்கேஜ்’ கட்டளை முதல் அடுக்கை நீக்கும். இரண்டாவதுக்கு ‘ரிமூவ்-ஆப்எக்ஸ்ப்ரொவிஷன்ட்பேக்கேஜ்’ வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால், புதுப் பயனர் கணக்கு திறந்ததும் எல்லாம் மறுபடி நிற்கும். இரண்டாவதை மட்டும் செய்து, ஏதோ ஒரு கணக்கில் செயலி மிச்சமிருந்தால் வேறு வம்பு: பள்ளிக் கணினிக்கூடத்துக்காக ஒரு கணினியைத் தயார் செய்து, மற்றவற்றுக்கு நகலெடுக்கும் முன் ஓட்டும் சிஸ்பிரெப் அந்த ஒரு செயலியைக் காட்டி நின்றுவிடும். இரண்டையும், இருக்கும் எல்லாப் பயனர்களுக்கும் சேர்த்து, ஒரே ஓட்டத்தில் செய்ய வேண்டும்.

இனி, ‘இங்கே எந்த எழுத்தும் வரலாம்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறி. பெயரில் ‘பீப்பிள்’ இருக்கும் எல்லாவற்றையும் நீக்கு என்று முன்னும் பின்னும் நட்சத்திரம் போட்டு எழுதுவது சுலபம். அந்த வலையில் பீப்பிள் செயலியோடு ‘பீப்பிள்எக்ஸ்பீரியன்ஸ்ஹோஸ்ட்’ என்ற அமைப்புக் கூறும் விழும். ‘ஸ்டோர்’ என்று போட்டால் ஸ்டோரோடு, வாங்கிய செயலிகளின் கணக்கைப் பார்க்கும் ‘ஸ்டோர்பர்ச்சேஸ்ஆப்’பும் போகும். ‘எக்ஸ்பாக்ஸ்’ என்று போட்டால் நீக்க முடியாத கூறு ஒன்றில் முட்டி 0x80073சிஎஃப்ஏ பிழை வரும். கூடவே எக்ஸ்பாக்ஸ் ஐடென்டிட்டி ப்ரொவைடரும் போய், பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டில் உள்நுழைய முடியாமல் ஆகும். பட்டியலில் முழுப் பெயர் மட்டுமே இருக்க வேண்டும். நட்சத்திரம் வைத்த வரியை நாங்கள் யாரிடமிருந்தும் ஏற்பதில்லை.

இதைவிட ஆபத்தானது ‘இவற்றைத் தவிர எல்லாவற்றையும் நீக்கு’ என்று எழுதப்பட்ட ஸ்கிரிப்ட். எழுதிய நாளில் அது சரியாகவே வேலை செய்திருக்கும். ஆனால் விண்டோஸ் 11-இல் விண்டோஸ் செக்யூரிட்டியின் முகப்பே ‘மைக்ரோசாஃப்ட்.செக்ஹெல்த்யூஐ’ என்ற தனிப் பேக்கேஜாக வருகிறது. விண்டோஸ் 10 காலத்து விதிவிலக்குப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்க வழியில்லை. ஓட்டி முடித்ததும் பின்னணியில் விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபென்டர் இயங்கிக்கொண்டிருக்கும், ஆனால் அதைத் திறக்க ஜன்னல் இருக்காது. சொடுக்கினால் ‘இந்த விண்டோஸ்டிஃபென்டர் இணைப்பைத் திறக்கப் புதிய செயலி தேவை’ என்ற பெட்டிதான் வரும். ஆன்டிவைரஸ் என்ன சொல்கிறது என்று பார்க்க முடியாத கணினி ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த வகை ஸ்கிரிப்ட்டால் வரும் இழப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டும் பயன்படுத்துபவர்கள். அவர்கள் கண்ணுக்கு இது படவே படாது. விண்டோஸைத் தமிழில் காட்டும் மொழித் தொகுப்பும் ஸ்டோர் வகைப் பேக்கேஜ்தான். ‘லாங்க்வேஜ்எக்ஸ்பீரியன்ஸ்பேக்’ என்று தொடங்கித் தமிழுக்கான குறியோடு முடியும். ‘தவிர எல்லாம்’ ஸ்கிரிப்ட் அதையும் குப்பை என்று எடுத்துவிடும். அடுத்தது எழுத்துரு. விண்டோஸ் 10-இலிருந்து நிர்மலா யூஐ மட்டுமே எப்போதும் உடன் இருப்பது. லதா, விஜயா இரண்டும் ‘தமிழ் கூடுதல் எழுத்துருக்கள்’ என்ற விருப்பக் கூறுக்குள் போய்விட்டன. தமிழ் மொழியைச் சேர்க்கும்போது அவை இறங்கும். விருப்பக் கூறுகளை மொத்தமாக நீக்கும் ஸ்கிரிப்ட் லதாவைத் தூக்கிவிட்டால், லதாவில் அமைத்த பழைய மனுக்களும் வினாத்தாள்களும் வேறு எழுத்துருவில் திறந்து, வரி உடைந்து, பக்கக் கணக்கு மாறிவிடும். டிடிபி கடையில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, தொடுவிசைப்பலகைக்கான சர்வீஸ். தொடுதிரை இல்லாத கணினிக்கு அது வேண்டாம் என்று பெயரைப் பார்த்து முடக்கிவிடுகிறார்கள். தொடக்கப் பட்டியலின் தேடல் பெட்டி, அமைப்புகள் பக்கம் போன்ற இடங்களில் எழுத்து உள்ளே போவதும் அந்த சர்வீஸை நம்பியே இருக்கிறது. முடக்கினால் தமிழ்99 மட்டுமல்ல, ஆங்கிலமும் அங்கே விழாமல் போகலாம். விண்டோஸ் 11-இல் அதன் பெயர்கூட மாறிவிட்டது.

பராமரிப்பவர்களுக்கு இன்னொரு நுட்பம். பயன்படுத்துபவர் புரிந்துகொள்ளட்டும் என்று ஸ்கிரிப்ட் காட்டும் செய்திகளைத் தமிழில் எழுதுவது நல்ல பழக்கம், ஆனால் கோப்பைச் சேமிக்கும் விதத்தில் கவனம் வேண்டும். இந்த ஸ்கிரிப்ட்களை ஓட்டும், விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1, கோப்பின் தலையில் பிஓஎம் என்ற 3 பைட் அடையாளம் இல்லாவிட்டால் அதை யூடிஎஃப்-8 (தமிழும் அடங்கிய பன்மொழிக் குறியேற்றம்) என்று எடுத்துக்கொள்ளாது. கணினியின் பழைய குறியேற்றத்தில் படிக்கும். ஆங்கில அமைப்புள்ள கணினியில் அது 1252. ‘ஒ’ என்ற எழுத்து யூடிஎஃப்-8-இல் 3 பைட். கடைசி பைட் பதினாறடிமானத்தில் 92. 1252-இல் 92 என்பது வளைந்த ஒற்றை மேற்கோள் குறி. பவர்ஷெல்லோ வளைந்த மேற்கோளையும் நேரான மேற்கோளைப் போலவே நடத்தும். ஆகவே ஒற்றை மேற்கோளுக்குள் ‘ஒன்டிரைவ் நீக்கப்பட்டது’ என்று எழுதினால், முதல் எழுத்திலேயே வாக்கியம் முடிந்ததாக எண்ணிக்கொண்டு, மிச்சத்தைக் கட்டளையாகப் படிக்கப் போய்ப் பிழை காட்டும். ‘ஓ’வின் கடைசி பைட் 93, ‘ஔ’வுடையது 94; இவை இரட்டை மேற்கோளை உடைக்கும். பூ, மூ போன்ற எழுத்துகளில் வரும் ஊகாரக் குறியின் கடைசி பைட் 82. அதுவும் ஒற்றை மேற்கோளாகவே கொள்ளப்படும். மற்றத் தமிழ் எழுத்துகள் அலங்கோலமாகத் தெரியுமே தவிர, ஸ்கிரிப்ட்டை உடைக்காது. அதனால்தான் ஒரு செய்தி ஓடும், அடுத்தது ஓடாது, காரணமும் விளங்காது. பிஓஎம் உடன் சேமித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. இணையத்திலிருந்து நேரே இழுத்து ஓட்டும் ஒற்றை வரி முறையில் இதே பிஓஎம், முதல் வரியில் தேவையற்ற குறிகளாக வந்து விழும். அந்த முறையைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம்.

எந்த விண்டோஸில் ஓடுகிறோம் என்று ஸ்கிரிப்ட் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் ‘ப்ராடக்ட்நேம்’ என்ற மதிப்பைப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. விண்டோஸ் 11-இலும் அதில் ‘விண்டோஸ் 10’ என்றே இருக்கும். ‘ரிலீஸ்ஐடி’ 2009 என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பார்க்க வேண்டியது பில்ட் எண்: 22000-உம் அதற்கு மேலும் விண்டோஸ் 11. 23எச்2 பதிப்பு என்றால் 22631, 24எச்2 என்றால் 26100, 25எச்2 என்றால் 26200. அந்த எண் ரெஜிஸ்ட்ரியில் எழுத்துச் சரமாகவே இருக்கிறது. எண்ணாக மாற்றாமல் ஒப்பிட்டால் 9600-ஐ 22000-ஐ விடப் பெரியது என்று சொல்லும். சோதித்துப் பார்க்காத பில்ட்டில் ஓடினால், எதையும் தொடாமல் அதைச் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும். இதற்கு நான்கு வரி போதும். புழக்கத்தில் இருக்கும் பலவற்றில் அந்த நான்கு வரி இல்லை.

பிழையை மறைப்பது இந்த உலகத்தின் பொது வியாதி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘சைலன்ட்லிகன்டினியூ’ என்று போட்டுவிட்டால் திரை சுத்தமாக இருக்கும். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பேக்கேஜ் இல்லவே இல்லை, இருக்கிறது ஆனால் நீக்க அனுமதி இல்லை, நீக்கியாகிவிட்டது என்ற மூன்று நிலைகளையும் தனித்தனியே பதிவுக் கோப்பில் எழுத வேண்டும். 0x80070032 வந்தால் அது விண்டோஸின் பகுதி, பயனர் அளவில் நீக்க முடியாது என்று பொருள். அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். 0x80073சிஎஃப்3 என்றால் சார்பு பற்றிய முறையீடு. விசிலிப்ஸ், யூஐ.ஸாமல் போன்ற அடித்தளப் பேக்கேஜ்களைப் பட்டியலில் வைத்திருப்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். அவற்றைத் தொடவே கூடாது. கால்குலேட்டர் வரை பல செயலிகள் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

நடப்புப் பயனரின் ரெஜிஸ்ட்ரி அமைப்புகளில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டிலோ நூலகத்திலோ சாதாரணக் கணக்கில் உட்கார்ந்திருப்பவர், ஸ்கிரிப்ட்டை ஓட்டும்போது கேட்கப்படும் அட்மின் கடவுச்சொல்லைத் தருகிறார். அந்த நொடியிலிருந்து ‘நடப்புப் பயனர்’ என்றால் அந்த அட்மின் கணக்கு. விளம்பரத்தை நிறுத்தும் மாற்றங்கள் எல்லாம் யாரும் உட்காராத கணக்கில் போய் விழும். உட்கார்ந்திருப்பவர் திரையில் ஒன்றும் மாறாது. இதைக் கண்டுபிடித்து எச்சரிக்க வேண்டும். இனி வரும் பயனர்களுக்கு என்றால், டிஃபால்ட் பயனரின் ரெஜிஸ்ட்ரி அமைப்புகள் இருக்கும் என்டியூசர்.டாட் கோப்பை ‘ரெக் லோட்’ மூலம் ஏற்றி, திருத்தி, ‘ரெக் அன்லோட்’ செய்ய வேண்டும். பவர்ஷெல் அந்தச் சாவியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் இறக்கும்போது அனுமதி மறுப்பு வரும். அதற்கு முன் அதன் நினைவகக் கழிவு அகற்றும் செயலை ஒருமுறை அழைத்தால் விட்டுவிடும். இறக்காமல் விட்டால், அடுத்துப் புதுக் கணக்கு திறக்கும்போது கோளாறு வரும்.

மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் நீக்கத்தில்தான் மக்களின் கோப்புகள் பறிபோகின்றன. கணினியை முதன்முதலில் அமைக்கும்போது கேட்ட கேள்விக்குச் சரி என்று அழுத்தியிருந்தால், டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் நகர்ந்திருக்கும். அதிலும் பல கோப்புகள் பெயர் மட்டும் கணினியில், உள்ளடக்கம் மேகத்தில் என்று இருக்கும். நீக்கிய பிறகு டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரிவதும், படத்தைச் சொடுக்கினால் திறக்காததும் இதனால்தான். ஸ்கிரிப்ட் முதலில் ‘யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ்’ சாவியில் டெஸ்க்டாப்பின் பாதையைப் படிக்க வேண்டும். அதில் ஒன்டிரைவ் என்ற பெயர் இருந்தால் நீக்காமல் நிற்க வேண்டும். பயனர் கோப்புகளை வலச்சொடுக்கி ‘எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு’ என்று கொடுத்து, எல்லாம் இறங்கும்வரை காத்திருந்து, ஒன்டிரைவ் அமைப்புகளில் காப்புப்பிரதியை நிறுத்தி, பழைய இடத்துக்கு நகர்த்திய பிறகே நீக்கலாம். நீக்கும் நிரலின் இடமும் மாறியிருக்கிறது: 64 பிட் விண்டோஸ் 10-இல் சிஸ்வாவ்64 கோப்புறை, விண்டோஸ் 11-இல் சிஸ்டம்32. இரண்டையும் தேடாத பழைய ஸ்கிரிப்ட் இங்கேயும் ஒன்றும் செய்யாமலே ‘முடிந்தது’ என்று எழுதும். இந்த ஓர் இடத்தில் அது பயனருக்கு நல்லதாக முடிகிறது.

விளையாடும் திரையைப் பதிவு செய்ய உதவும் கேம் பாரை நீக்கினால் ஒரு தொல்லை வரும். ஏதாவது விளையாட்டைத் திறந்ததும் ‘எம்எஸ்-கேமிங்ஓவர்லே இணைப்பைத் திறக்கப் புதிய செயலி தேவை’ என்ற பெட்டி எழும். பேக்கேஜ் போனாலும் பதிவு செய்யும் வசதி இயக்கத்திலேயே இருப்பதுதான் காரணம். ‘ஆப்கேப்ச்சர்எனேபிள்ட்’, ‘கேம்டிவிஆர்_எனேபிள்ட்’ என்ற இரு மதிப்புகளையும் 0 ஆக்கினால் நின்றுவிடும். நீக்குவதற்கு முன்பே ஆக்குவது நல்லது.

தொடக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். விண்டோஸ் அப்டேட்டையும் டிஃபென்டரையும் நிறுத்தும் வரிகள் உள்ள எந்த ஸ்கிரிப்ட்டையும் வீட்டுக் கணினியில் ஓட்ட வேண்டாம். எட்ஜ் உலாவி பிடிக்காவிட்டாலும், மற்றச் செயலிகள் வலைப்பக்கம் காட்டப் பயன்படுத்தும் வெப்வியூ2-ஐ விட்டுவைக்க வேண்டும். டீம்ஸும் புதிய அவுட்லுக்கும் விட்ஜெட்களும் அதன் மேல் ஓடுகின்றன. உளவுத் தகவல் போகும் முகவரிகளை ஹோஸ்ட்ஸ் கோப்பில் மறிக்கும் முறையை 2020 முதல் டிஃபென்டரே ‘ஹோஸ்ட்ஸ்ஃபைல்ஹைஜாக்’ என்று பிடிக்கிறது. மைக்ரோசாஃப்ட்டுக்குப் போகும் தகவலின் அளவைக் குறிக்கும் ‘அலவ்டெலிமெட்ரி’யை 0 ஆக்கிவிட்டேன், இனி ஒன்றும் போகாது என்று சொல்லும் ஸ்கிரிப்ட் ஹோம், ப்ரோ பதிப்புக்காரர்களிடம் பொய் சொல்கிறது. 0 என்பது என்டர்பிரைஸ், எஜுகேஷன், சர்வர் பதிப்புகளில்தான் செல்லும். மற்றவற்றில் அது 1 ஆகவே எடுத்துக்கொள்ளப்படும், அடிப்படைத் தகவல் போய்க்கொண்டுதான் இருக்கும். விளம்பரச் செயலிகள் தானாக இறங்குவதைத் தடுக்கும் ‘டிசேபிள்விண்டோஸ்கன்ஸ்யூமர்ஃபீச்சர்ஸ்’ கொள்கையும் 1607 பதிப்பிலிருந்து என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு மட்டுமே. எஜுகேஷன் பதிப்பு வைத்திருக்கும் கல்லூரிகள் 25எச்2-க்கு மாறியிருந்தால், வெளி ஸ்கிரிப்ட்டுக்குப் போகும் முன் கணினிகளுக்கு நிர்வாகி விதி வகுக்கும் குரூப் பாலிசியைப் பார்க்கலாம்: உடன்வரும் ஸ்டோர் பேக்கேஜ்களைப் பெயர் சொல்லி நீக்கும் கொள்கை ஒன்றை மைக்ரோசாஃப்ட்டே அதில் சேர்த்திருக்கிறது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

திரும்பக் கொண்டுவரும் வழியைப் பற்றி. ரீஸ்டோர் பாயின்ட் (கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு) எடுத்துவிட்டோம் என்று நிம்மதி அடைய முடியாது. பல கணினிகளில் அந்த வசதி அணைந்தே இருக்கும். முதலில் இயக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஏற்கெனவே ஒன்று எடுத்திருந்தால் புதியதை விண்டோஸ் எடுக்காது. ஓர் எச்சரிக்கையோடு தாண்டிவிடும், ஸ்கிரிப்ட் அந்த எச்சரிக்கையை மறைத்திருந்தால் போச்சு. பவர்ஷெல் 7-இல் அந்தக் கட்டளையே கிடையாது. தவிர, நீக்கிய ஸ்டோர் செயலிகளை அது ஒழுங்காகத் திருப்பித் தரும் என்று நம்பவும் முடியாது. ஆகையால் ஸ்கிரிப்ட் தானே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ரெஜிஸ்ட்ரி மதிப்பை மாற்றினாலும் பழைய மதிப்பை ஒரு கோப்பில் எழுத வேண்டும். முன்பு அந்த மதிப்பே இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். ஏனென்றால் திரும்பும்போது 0 என்று வைப்பதும், மதிப்பையே அழிப்பதும் பல அமைப்புகளில் வெவ்வேறு விளைவு தரும். நீக்கிய பேக்கேஜ் ஒவ்வொன்றுக்கும் ஸ்டோர் அடையாள எண்ணைச் சேர்த்து வைத்தால் விங்கெட் என்ற நிறுவல் கட்டளை மூலம் மறுபடி நிறுவலாம். ஸ்டோரையே நீக்கிவிட்டவர்கள் ‘டபிள்யூஎஸ்ரீசெட் -ஐ’ என்ற கட்டளையைக் கொடுத்துச் சில நிமிடம் காத்திருந்தால் அது திரும்ப வரும்.

பராமரிப்பு என்றால் மாதக் கணக்கு. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட் வருகிறது. நம் ஊர் நேரத்துக்கு அன்றிரவு. மறுநாள் ஹைப்பர்-வி மெய்நிகர் கணினியில் சுத்தமான நிறுவல் ஒன்று, பல மாதம் பயன்படுத்திய நிறுவல் ஒன்று என இரண்டிலும் அப்டேட் ஏற்றி, பழைய நிலைக்குத் திரும்ப ஒரு செக்பாயின்ட் எடுத்து, ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். தற்காலிகச் சோதனைச் சூழலான விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இதற்கு உதவாது. உடன்வரும் ஸ்டோர் செயலிகள் பெரும்பாலும் அதில் இருக்காது. ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் பேக்கேஜ் பட்டியலை உரைக்கோப்பாக எடுத்துச் சென்ற மாதக் கோப்போடு ஒப்பிட்டால், புதிதாக முளைத்த பெயர் உடனே தெரியும். பிறகு ஸ்கிரிப்ட்டை இரண்டாம் முறையும் ஓட்ட வேண்டும். இரண்டாம் ஓட்டத்தில் எதுவும் மாறக்கூடாது. மாறினால் எங்கோ ஒரு மாற்றம் தங்கவில்லை என்று அர்த்தம். கடைசியாகக் கையால் ஒரு சுற்று: தேடல் பெட்டியில் தமிழில் தட்டுவது, திரையைப் பிடிப்பது, செக்யூரிட்டி ஜன்னலைத் திறப்பது, அச்சிடுவது, புதுக் கணக்கு ஒன்று திறப்பது. அரை மணி நேர வேலைதான். இதைச் செய்ய ஆளில்லாமல் போன ஸ்கிரிப்ட்டை அதன் பக்கத்திலேயே ‘பராமரிப்பு நின்றுவிட்டது’ என்று எழுதி மூடிவிடுவது, பயன்படுத்துபவர்களுக்குச் செய்யும் மரியாதை.

ஓட்ட நினைக்கும் வாசகர் செய்ய வேண்டியது அதிகமில்லை. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, ‘வின்வெர்’ என்று தட்டினால் பில்ட் எண் தெரியும். ஸ்கிரிப்ட்டின் பக்கத்தில் அந்த எண் இருக்கிறதா, கடைசித் திருத்தம் எந்த மாதம் என்று பாருங்கள். ஒற்றை வரியை ஒட்டி ஓட்டாமல் கோப்பாக இறக்கி, பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கொடுத்து, வரும் கோப்பு அடையாள எண்ணை வெளியிட்டவர் தந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். நோட்பேடில் திறந்து நீக்கப் பட்டியலை மட்டுமாவது படியுங்கள். தெரியாத பெயர் இருந்தால் அந்த வரியின் தொடக்கத்தில் ‘#’ குறி வையுங்கள், ஸ்கிரிப்ட் அதைத் தாண்டிவிடும். கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகு ஓட்டுங்கள்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. இத்தகைய குறிப்புகள் வரவேண்டும். வாசகர்களுக்கு அவை தேவை. வெளியிடும்போது ‘பில்ட் 26100, 26200-இல் இந்த மாதம் சோதிக்கப்பட்டது, திரும்பக் கொண்டுவரும் கட்டளை இது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த விவரம் கிடைக்காத ஸ்கிரிப்ட் என்றால் அந்த வாரம் அமைப்புகள் பக்கத்தில் ‘நிறுவப்பட்ட செயலிகள்’ பட்டியலுக்குப் போய்க் கையால் நீக்கும் வழியை வெளியிடலாம். பத்துப் பதினைந்து செயலிகளுக்கு அதிலும் கால் மணி நேரம்தான் ஆகும்.

இப்படிக்கு,
விண்டோஸ் ஸ்கிரிப்ட் பராமரிக்கும் வாசகர்கள்,
கோயம்புத்தூர்.